மாத்திரையை மாற்றுவதா, இன்னொன்று சேர்ப்பதா?

எஸ்சிடலோபிராமை முழு அளவில் ஆறேழு வாரம் சாப்பிட்டும் மனச்சோர்வு பாதிதான் விலகியிருக்கிறதா? மிர்டாசபின் என்ற வேறொரு மனச்சோர்வு மருந்துக்கு மாறலாம். இரவில் ஒரே மாத்திரை. தூக்கமும் பசியும் திரும்பும், எடையும் கூடலாம். முந்தைய மருந்து தந்த பாதி நலம் இடையில் கைநழுவினாலும் நழுவும்.

எஸ்சிடலோபிராமை விடாமல் கூடவே லித்தியம் சேர்ப்பது இன்னொரு வழி. கறாரான மருந்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு சோதனைகளும் உண்டு. குறுவை நடவில் வியர்த்துக் கொட்டிவிட்டு, இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடுகிறவருக்கு ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடலாம். கை வெடவெடத்து டம்ளரில் டீ தளும்பினால், நடை தள்ளாடினால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சோதனைக்காகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறச் சலித்துக்கொள்கிறவர் என்றால், மாற்றுவதைப் பற்றியே முதலில் மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன்.