போல்க் எஸ்10, கிளிப்ஷ் ஆர்பி-502எஸ்: எந்தச் சரவுண்ட் ஸ்பீக்கர் எந்த ஹாலுக்கு?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கடைக்குக் கிளம்பலாம். சோபாவை பின்சுவரிலிருந்து ஒரு இரண்டடியாவது முன்னால் இழுத்துப் போட முடியும், ஓரத்தில் உட்காருகிறவருக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே மூன்று நாலு அடி இருக்கிறது என்றால் போல்க் எஸ்10 மாதிரி ஒரே திசையைப் பார்க்கிற சின்ன சரவுண்ட் ஸ்பீக்கர் (ஹோம் தியேட்டரில் நமக்குப் பக்கத்திலும் பின்னாலும் வைப்பது) போதும். சோபாவை நகர்த்தவே வழியில்லை, ஸ்பீக்கர் ஒருவர் காதோரமாகத்தான் வரும் என்றால் கிளிப்ஷ் ஆர்பி-502எஸ் மாதிரி இரண்டு பக்கமும் பார்க்கிற ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் வீண் போகாது. எஸ்10 என் வீட்டு ஹாலில் ஓடுகிறது. 502எஸ் அத்தான் வீட்டு மாடி அறையில் இருக்கிறது, அதை மாட்டும்போது நானும் கூட இருந்தேன், அங்கே உட்கார்ந்து நிறையப் படம் பார்த்தாயிற்று.

இதை எழுதக் காரணம், எங்கே போனாலும் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். முன்னால் நல்ல டவர் ஸ்பீக்கர், நல்ல சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான பெட்டி), பெரிய டிவி. பின்னால் இரண்டு சரவுண்ட் மட்டும் கூரையை ஒட்டிய மூலையில் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மாட்டிக் கொடுத்தவருக்கு அங்கே ஆணி அடிப்பது சுலபம், பார்வைக்கும் இடைஞ்சல் இல்லை, அவ்வளவுதான் அதற்குக் காரணம். அந்த இடத்திலிருந்து வருகிற சத்தம் நம்மைச் சுற்றி இருப்பதாகத் தோன்றாது, மேலே எங்கேயோ ஏதோ சலசலக்கிறது என்றுதான் தோன்றும். இவ்வளவு செலவு செய்தவர்கள் அந்தச் சுகத்தை அனுபவிக்காமலே, "5.1 என்றால் இவ்வளவுதான் போல" (5.1 என்பது முன்னால் மூன்று, சரவுண்ட் இரண்டு, கூட ஒரு சப்வூஃபர்) என்று விட்டுவிடுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உயரத்தில் மாட்டு என்கிற அறிவுரை ஒரு காலத்தில் சரிதான். டால்பி புரோ லாஜிக் என்கிற பழைய சரவுண்ட் முறை இருந்த நாட்களில் பின்பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்தாலும் அவற்றில் வருவது ஒரே மோனோ சத்தம், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான மேல்ஸ்தாயி வெட்டிவிடப்பட்டது. அந்த மங்கலான சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அறை முழுக்கப் பரவினால்தான் நன்றாக இருக்கும். அதற்காகவே தியேட்டர் ஒலிக்குத் தரச்சான்று கொடுக்கிற டிஎச்எக்ஸ்காரர்கள் டைபோல் ஸ்பீக்கரைச் சொன்னார்கள்: முன்னும் பின்னும் எதிரெதிர் கட்டத்தில் (ஒரு பக்கம் காற்றைத் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கும்) ஒலிக்கும், கேட்பவர் பக்கம் நேராக ஒன்றும் வராது, சுவரில் பட்டுத் திரும்புவதைத்தான் கேட்போம். 1992-இல் டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்ததும் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக, வெட்டுப்படாத முழுச் சத்தம் கிடைத்துவிட்டது. ஒரு பைக் இடப்பக்கமாகப் பின்னால் போகிறது என்றால் அது இடப்பக்கம்தான் போக வேண்டும், ஒலிப்பதிவாளர் அப்படித்தான் வைத்திருக்கிறார். டால்பி அட்மாஸ் வந்த பிறகு கூரையில் தனி ஸ்பீக்கர் வேறு இருப்பதால், சரவுண்ட் ஸ்பீக்கர் காது மட்டத்தை ஒட்டி இருந்தால்தான் மேலே, கீழே என்கிற வித்தியாசமே தெரியும்.

சரி, எங்கே வைப்பது. டிவியை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் மூக்கு நுனி பூஜ்யம் டிகிரி, காது 90 டிகிரி. டால்பி 5.1-க்குச் சொல்வது 110-லிருந்து 120 டிகிரி வரை, ஐடியூ என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் தரத்தில் 100-லிருந்து 120 வரை. அதாவது முழுக்கப் பின்னாலும் வேண்டாம், நேர் பக்கவாட்டிலும் வேண்டாம், காதுக்குக் கொஞ்சம் பின்னால். கோணமானி வைத்து அளக்க வேண்டியதில்லை. எங்கள் ஹால் 11 அடி அகலம், நடுவில் உட்கார்ந்தால் சுவர் ஐந்தரை அடியில் வரும். அந்தச் சுவரில் காதுக்கு நேரான இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து இரண்டடி பின்னால் போனால் 110 டிகிரி ஆகிவிடும், ஒரு இன்ச் டேப் போதும். சுவர் இன்னும் தள்ளி இருந்தால் அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் பின்னால்.

நம் வீடுகளில் சிக்கலே இந்த இரண்டடிதான். சோபா பின்சுவரை ஒட்டித்தான் இருக்கும், காதுக்குப் பின்னால் போக இடமே இருக்காது. அதனால் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் பேசி சோபாவை முன்னால் இழுத்துப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். காசு செலவில்லாத வேலை, சரவுண்டுக்கு மட்டும் பலன் என்றும் நினைக்க வேண்டாம். சுவரை ஒட்டி உட்காரும்போது பேஸ் தேவைக்கு மேல் திரண்டு வசனத்தையே மூடிவிடும், இரண்டு மூன்று அடி முன்னால் வந்தால் அதுவும் தெளியும். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள், படம் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் இழுத்துக்கொண்டால்கூடப் போதும்.

போல்க் எஸ்10 சின்னப் பெட்டி. கீழ், நடுச் சத்தத்துக்கு 4 இன்ச் டிரைவர், மேல்ஸ்தாயிக்கு 1 இன்ச் ட்வீட்டர். முன்பக்க ஸ்பீக்கரும் அதே சிக்னேச்சர் வரிசையில் இருந்தால் குரலின் நிறம் மாறாமல் சத்தம் முன்னிருந்து பின்னால் ஓடும். வேறு கம்பெனி ஸ்பீக்கர் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், இந்தப் பொருத்தம் வசனம் வருகிற நடு ஸ்பீக்கருக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு சரவுண்டுக்கு இல்லை. எங்கள் ஹாலில் இடப்பக்கம் செங்கல் சுவர், வலப்பக்கம் சுவரே கிடையாது, டைனிங் பக்கம் திறந்து கிடக்கிறது. அப்பார்ட்மெண்ட் ஹால்களில் பாதி இப்படித்தான் இருக்கும். இடது ஸ்பீக்கரைச் சுவரில் பிராக்கெட் போட்டு மாட்டி, வலதுக்கு ஒரு ஸ்டாண்ட் வைத்தேன், இரண்டும் சோபாவின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், காதுக்கு ஒரு அடி மேலே. ஸ்டாண்டின் குழாய்க்குள் உலர்ந்த மணலை நிரப்பிவிட்டால் குழந்தைகள் இடித்தாலும் சுலபத்தில் சாயாது, அதிரவும் செய்யாது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் வெட்டவெளி என்பதால் இரண்டும் வேறு வேறாகத்தான் கேட்கும் என்று பலர் சொல்வார்கள். ஒரே திசையைப் பார்க்கிற ஸ்பீக்கரில் நேராக வருகிற சத்தம்தான் பிரதானம், சுவரை நம்பி அது வேலை செய்வதில்லை, அதனால் இந்த மாதிரி ஹாலுக்கு அதுதான் பொருத்தம். சுவரில் பட்டுத் திரும்புவதை நம்பியிருக்கிற வகையை இங்கே வைத்தால் ஒரு காதுக்குத்தான் வேலை இருக்கும்.

அத்தான் வீட்டு மாடி அறையின் கதை வேறு. அகலம் 10 அடிதான், நாலு பக்கமும் சுவர், அகலமான சோபா, அதுவும் பின்சுவரை ஒட்டி. ஓரத்தில் உட்காருகிறவருக்கு ஒரு பக்கச் சுவர் இரண்டரை அடியில், எதிர்ச்சுவர் ஏழரை அடியில். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், மூன்று மடங்கு ஆனால் ஒன்பதரை. எதிரொலியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பக்கத்து ஸ்பீக்கர் அவர் காதில் எதிர்ப்பக்கத்தைவிட ஒன்பதரை டெசிபல் கூடுதலாக விழும், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். அவருக்குப் படம் முழுக்க ஒரு காதில்தான் ஓடும், பாவம். ஸ்பீக்கரைக் காதிலிருந்து இரண்டரை அடி உயர்த்தினால் பக்கத்துத் தூரம் மூன்றரை அடி ஆகிவிடும், எதிர்ப்பக்கம் எட்டுக்குச் சற்றுக் குறைவு, வித்தியாசம் ஏழு டெசிபலுக்கு இறங்கிவிடும். இது எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும், உயர்த்துவதற்கு உண்மையான காரணம் என்றால் இதுதான். கூரை மூலை வரைக்கும் போக வேண்டியதில்லை, ஒன்றரையிலிருந்து இரண்டரை அடிக்குள் நிறுத்திக்கொள்ளலாம்.

மிச்சத்தை 502எஸ் பார்த்துக்கொள்கிறது. அதன் முகம் கூரை மாதிரி இரண்டு சரிவாக இருக்கும், ஒவ்வொரு சரிவிலும் ஒரு ஐந்தேகால் இன்ச் வூஃபர், புனல் வாய் வைத்த ஒரு ஹார்ன் ட்வீட்டர். டைபோல் போல எதிர்க் கட்டம் கிடையாது, இரண்டு முகமும் ஒன்றாகவே ஒலிக்கும். மேலே வேண்டாம் என்று சொன்ன நேர் பக்கவாட்டு இந்த வகைக்கு மட்டும் சரி: சோபாவுக்கு நேர் பக்கவாட்டில், 90 டிகிரியில், சுவரில் தட்டையாக மாட்டினால் ஒரு முகம் முன்னாலும் ஒரு முகம் பின்னாலும் பார்க்கும், ஓரத்தில் இருப்பவர் காதுக்குள் ஹார்ன் நேராகப் பாயாது. முதல் முறை கேட்டபோது மழைச் சத்தம்தான் என்னை அசத்தியது, பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, அறை முழுக்க மழை. கூட்டம், காடு, தேர்த் திருவிழா, மைதானத்தில் எழும் ஆரவாரம் எல்லாம் அப்படியே. ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து வர வேண்டிய சத்தங்கள், கதவு தட்டுவது, பின்னாலிருந்து ஒருவர் கூப்பிடுவது, இதெல்லாம் எஸ்10-இல்தான் துல்லியம். அட்மாஸுக்குக் காது மட்டத்தில் நேராக ஒலிக்கும் ஸ்பீக்கரையே டால்பி சொல்வதால், கூரையிலும் ஸ்பீக்கர் வைக்கத் திட்டம் உள்ளவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளவும். விலையும் கணிசமாகக் கூடுதல், பெட்டியும் கனம். புது அப்பார்ட்மெண்ட்டில் லைட் வெயிட் பிளாக் சுவர் என்றால் சாதாரண ரால் பிளக் பிடிக்காது, அதற்கென்று இருக்கிற ஆங்கரைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு கடையில் அத்தானிடம் 7.1 போடச் சொல்லி, பின்னால் வைக்க இன்னொரு ஜோடியை விற்கப் பார்த்தார்கள். பின் ஸ்பீக்கர்களின் இடம் 135-லிருந்து 150 டிகிரி, அதாவது தலைக்குப் பின்னால் நாலைந்து அடி வெளி வேண்டும். சோபா சுவரில் ஒட்டியிருக்கும்போது அவற்றை எங்கே வைப்பது? ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயர்) இரண்டு சேனல் மிச்சம் இருக்கிறதென்றால் அதைக் கூரைக்குக் கொடுத்து 5.1.2 ஆக்கிக்கொள்வதே மேல். வாடிக்கையாளரின் அறையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பெட்டியை மட்டும் விற்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வயர் விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஹால் அளவு தூரத்துக்கு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 16 கேஜ் தடிமன் வயர் தாராளம். எலக்ட்ரீஷியனிடம் 1.5 ஸ்கொயர் எம்எம் என்று கேட்டால் அதைவிடச் சற்றுத் தடிமனாகவே கிடைக்கும். முழுச் செம்பா என்று மட்டும் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நிறைய விற்கிறது. வீடு கட்டும்போதே கன்சீல்டு பைப் போட்டுவிட்டால் நிம்மதி, வாடகை வீடு என்றால் ஸ்கர்ட்டிங் ஓரமாக கேசிங் கேப்பிங். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. வயர்லெஸ் சரவுண்ட் என்று விற்பதற்கும் கரண்ட் பிளக் வேண்டும், சோபா பக்கத்தில் சுவிட்ச்போர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கவும்.

அப்புறம் ரிசீவர் செட்டிங். ரிசீவரோடு வருகிற மைக்கைச் சோபா மேல் போடாமல், கையிலும் பிடிக்காமல், டிரைபாடில் காது உயரத்தில் நிறுத்தி ஆட்டோ கேலிப்ரேஷன் (ஸ்பீக்கர்களின் தூரத்தையும் அளவையும் ரிசீவரே அளந்து சரிசெய்வது) ஓட்டுங்கள், ஃபேன், ஏசி எல்லாம் நிறுத்திவிட்டு. முடிந்ததும் சரவுண்ட் ஸ்பீக்கர் "ஸ்மால்" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எஸ்10-க்கு கிராஸ்ஓவர் 100 ஹெர்ட்ஸ், 502எஸ்-க்கு 80. அதற்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். சரவுண்ட் அளவை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி வைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, காசு கொடுத்து வாங்கியது கேட்க வேண்டும் என்ற ஆசை, புரிகிறது. ஆனால் அப்படி ஏற்றினால் கவனம் திரையை விட்டு ஸ்பீக்கருக்குப் போய்விடும், ஒரு வாரம் அளந்த அளவிலேயே விட்டுப் பாருங்கள். டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ வயரிலேயே டிவி சத்தம் ரிசீவருக்குத் திரும்பிப் போவது) வழியாகச் சத்தம் எடுப்பவர்கள் டிவியின் ஆடியோ செட்டிங் பிசிஎம்மில் இருந்தால் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஓடிடியில் 5.1 என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் ஸ்டீரியோதான் வரும். பழைய ஸ்டீரியோ பாட்டு, படங்களுக்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் மோடு போட்டால் பின் ஸ்பீக்கர்களுக்கும் அளவாக வேலை கிடைக்கும்.

வழவழ டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் கைதட்டிப் பாருங்கள், கணீரென்று திரும்பி வந்தால் எந்த ஸ்பீக்கரும் கூச்சலாகத்தான் கேட்கும். 502எஸ்ஸின் நாலு ஹார்ன் அங்கே இன்னும் கூர்மையாகத் தெரியும். கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி, தரையில் தடியான கார்ப்பெட். பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரித்தால்கூட மேல்ஸ்தாயியின் கூர்மை கொஞ்சம் அடங்கும், ஆனால் கீழ் அலைவரிசைக்கு அது எதுவும் செய்யாது.

எங்கள் ஹாலுக்கு இன்று புதிதாக வாங்குவதென்றாலும் எஸ்10-தான் வாங்குவேன். அத்தான் அறைக்கு 502எஸ், அங்கே எஸ்10-ஐ ஒரு நாள் மாட்டிப் பார்த்தோம், நடுவில் இருந்தவருக்கு அருமை, ஓரத்தில் இருந்த அக்கா அரை மணி நேரத்தில் எழுந்து தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். வாங்குவதற்கு முன்னால் உங்கள் அறையின் அகலம், சோபாவுக்குப் பின்னால் உள்ள இடம், ஓர இருக்கைக்கும் சுவருக்கும் உள்ள தூரம் மூன்றையும் அளந்து கமெண்டில் போடுங்கள், எது சரிவரும் என்று தெரிந்தவரை சொல்கிறேன்.