ஏ.என்.ஆர்.எஃப். விண்ணப்பத் தளம்: கல்லூரி ஆசிரியரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

அறிவியல், பொறியியல் துறைகளில் பணிபுரியும் இந்தியப் பேராசிரியர்கள் ஆய்வு நல்கை என்றதும் முதலில் திறந்து பார்ப்பது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின், அதாவது ஏ.என்.ஆர்.எஃப். அமைப்பின், விண்ணப்பத் தளத்தைத்தான். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான செர்ப் வாரியம் (அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம்), 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 2024 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்ததையடுத்து இந்த அறக்கட்டளைக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆயினும் எங்கள் துறை அறைகளில் இன்றைக்கும் ‘செர்ப் ப்ராஜெக்ட்’ என்றுதான் பேச்சு. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அதில் அரசின் பங்கு 14,000 கோடி என்பதும், எஞ்சியது அரசு சாராத இடங்களிலிருந்து வர வேண்டும் என்பதும் அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை.

நான் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். இந்த மதிப்பீடு அந்த நாற்காலியிலிருந்து எழுதப்படுவது. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் ஆய்வுத் திட்டங்களுக்கென்றே தனிப் பிரிவும், வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே பணியாளர்களும் உண்டு. யு.ஜி.சி. விதிப்படி வாரத்திற்கு 16 மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, இடையில் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் பணியையும் தேர்வுப் பணியையும் பார்த்துக்கொண்டு, விண்ணப்பத்தை எழுதுவது முதல் கொட்டேஷன் வாங்குவது வரை தானே செய்கிற உதவிப் பேராசிரியருக்கு இந்தத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதே என் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், திரைக்குள் நடக்க வேண்டியதை அது நன்றாகவே செய்கிறது. நம் விண்ணப்பத்தின் விதியை முடிவுசெய்கிற பல காரியங்கள் திரைக்கு வெளியே கிடக்கின்றன.

தளத்தின் சிறப்பு, நடப்பிலுள்ள விண்ணப்ப அழைப்புகளும் ஒவ்வொரு திட்டத்தின் வழிகாட்டு நெறிகளும் மாதிரிப் படிவங்களும் ஒரே இடத்தில் கிடைப்பது. விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியைத் தில்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை. மூன்று பிரதிகளைச் சுருள் கட்டுப் போட்டு, கடைசி நாளுக்கு முந்தைய மாலையில் விரைவு அஞ்சலுக்கு ஓடியவர்களுக்கு இதன் அருமை புரியும். குறை என்னவென்றால், ஆண்டுக்கொரு முறை வரும் அழைப்பு எந்த மாதத்தில் வரும் என்பது நிச்சயமில்லை. அழைப்பைப் பார்த்தபின் எழுதத் தொடங்குபவருக்கு, உள்தேர்வுக் காலமும் அதுவும் மோதிக்கொண்டால், அந்த ஆண்டு கை நழுவியதாகவே பொருள்.

தேடல் என்ற பொருளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதற்கு இந்தத் தளத்தை மட்டும் குறைகூற முடியாது. அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு தளம், உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு இன்னொன்று, மருத்துவ ஆய்வுக்கான ஐ.சி.எம்.ஆர். அமைப்புக்கு வேறொன்று, சி.எஸ்.ஐ.ஆர். அமைப்புக்கு மற்றொன்று, சமூக அறிவியலாளருக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்று ஒவ்வொன்றிலும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல், தனிப் படிவம். பிறந்த தேதியிலிருந்து கடைசிக் கட்டுரை வரை நம் வரலாற்றைப் புதிதாகச் சொல்லியாக வேண்டும். தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை நண்பர்கள் ஏ.என்.ஆர்.எஃப். பக்கம் வந்தால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரும். மொழி, வரலாறு போன்ற கலைத்துறைகளையும் சமூக அறிவியலையும் ஏ.என்.ஆர்.எஃப். சட்டம் தொடுவது, அவை அறிவியல் தொழில்நுட்பத்தோடு சந்திக்கும் எல்லைகளில் மட்டும்தான்.

யு.ஜி.சி.யின் சிறு ஆய்வுத் திட்டம் இருந்த காலத்தில் அறிவியல் ஆசிரியர் ஐந்து லட்சம் ரூபாய் வரை பெற்று, ஒரு கருவியும் கொஞ்சம் வேதிப்பொருளும் வாங்கி, முதல் அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு அந்த வாசல் அடைபட்டது. 2022இல் யு.ஜி.சி. அறிவித்த பத்து லட்சம் ரூபாய் நல்கைகளோ நாடு முழுவதற்குமாகப் புதிதாய்ச் சேர்ந்தோருக்கு 132, பணியில் உள்ளோருக்கு 200 என்ற அளவில் நின்றன. ஆகவே, முன்பு சிறு திட்டத்தில் கைபழகியிருக்க வேண்டியவர்கள் இன்று நேரடியாகப் பெரிய திட்டங்களின் வரிசையில் நிற்கிறார்கள். ஏ.என்.ஆர்.எஃப். தளத்தில் எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அதனாலேயே முக்கியமாகிறது.

கல்லூரி ஆசிரியர்கள் வழக்கமாகத் தேடிப் போவது பெரிய நல்கையைத்தான். முன்பு சி.ஆர்.ஜி. என்றிருந்த அந்த இடத்திற்கு இப்போது ஏ.ஆர்.ஜி. வந்திருக்கிறது, அதில் ஐ.ஐ.எஸ்சி., ஐசர் போன்ற தேசிய ஆய்வு நிறுவனங்களின் பேராசிரியர்களோடு ஒரே களத்தில் போட்டி. இளம் ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 30 லட்சம் தந்த எஸ்.ஆர்.ஜி. திட்டத்தின் இடத்தில், மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை தரும் பிரதமர் பெயரிலான இ.சி.ஆர்.ஜி. 2024இல் வந்தது. தொகை இரட்டிப்பானது மகிழ்ச்சிதான். தொகை கூடும்போது போட்டியின் தரமும் கூடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். உயர் தரவரிசை நிறுவனத்தை மையமாகவும் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கிளைகளாகவும் கொண்ட ‘பேர்’ திட்டம் நிறுவனங்களுக்கானது. தனி ஆசிரியர் தாமாக அதில் நுழைய முடியாது.

நம்மைப் போன்றவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை ‘ஷ்யூர்’, ‘டேர்’ ஆகிய இரண்டும்தான். ஷ்யூர் திட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் நிரந்தரப் பணியில் உள்ளவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 30 லட்சம் வரை தருகிறது. போட்டி நம்மை ஒத்தவர்களுக்குள்ளேயே நடக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேறொரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பகுதி நேரமாக ஆய்வு செய்ய வழிசெய்யும் டேர் திட்டத்தில் வருவாய் குறைவு: ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஊக்கத்தொகை, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் ஆய்வுத்தொகை, அதிலும் பாதி நாம் போய் வேலை செய்யும் நிறுவனத்திற்கு. ஆனாலும் என் கணக்கில் தளத்திலேயே அதிகப் பயன் தரக்கூடிய திட்டம் அதுதான். அருகிலுள்ள தேசிய நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில், சம்பளத்தை இழக்காமல், ஆண்டில் சில மாதங்கள் வேலை செய்யலாம். நம் கல்லூரியில் எந்நாளும் வாங்க முடியாத, மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்.எம்.ஆர். கருவியில் நம் மாதிரியை நாமே ஓட்டிப் பார்க்கலாம். அடுத்த பெரிய விண்ணப்பத்திற்கு வேண்டிய முதற்கட்ட முடிவுகள் கையில் இருக்கும். நம்மை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்குத் தளம் எந்த வகையிலும் உதவாது. கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகள்தாம் உதவும்.

இனிப் படிவத்திற்கு வருவோம். தலைப்பு, சுருக்கம், நோக்கங்கள், எதிர்பார்க்கும் விளைவு ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில், எழுத்துக்குறிகளின் எண்ணிக்கைக்கு உட்பட்டு நிரப்ப வேண்டும். விரிவான முன்மொழிவை ஒரே பி.டி.எஃப். கோப்பாக ஏற்ற வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. முந்தைய ஆய்வுகளைப் பற்றிய மூன்று பக்கச் சுருக்கத்திற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பழக்கத்தை அது தடுத்துவிடுகிறது. என்ன செய்யப்போகிறோம் என்பதை முதல் இரண்டு வாக்கியங்களில் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. வேதியியலாருக்கு ஒரு சொல்: வேறொரு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியபின், மூலக்கூறு வாய்பாட்டின் கீழ்க்குறி எண்களும் கிரேக்க எழுத்துகளும் அப்படியே நிற்கின்றனவா என்று முன்தோற்றத்தில் பாருங்கள். மதிப்பீட்டாளர் முதலில் படிப்பது அந்தச் சுருக்கத்தைத்தான்.

வரவு செலவுப் பகுதியில்தான் நல்ல விண்ணப்பங்கள் பலவும் நொண்டுகின்றன. மொத்தம் 30 லட்சம் என்ற வரம்புக்குள் ஓர் ஆய்வு உதவியாளரையும் கேட்பவர் கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கட்டும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் இளநிலை, மூன்றாம் ஆண்டு முதுநிலை என்று வைத்தால், வீட்டு வாடகைப் படி சேர்க்காமலேயே 13,92,000 ரூபாய் ஆகிவிடுகிறது. மீதியில்தான் கருவி, வேதிப்பொருள், பயணம், எதிர்பாராச் செலவு எல்லாம்.

கருவியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் அறிவியல் கருவி வாங்கும்போது இருந்த 5 சதவீதச் சலுகை ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. இன்று பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம். பத்து லட்சம் ரூபாய்க் கருவியில் 50,000 ரூபாயாக இருந்த வரி 1,80,000 ரூபாயாகிறது. விற்பனைப் பிரதிநிதி அனுப்பும் கொட்டேஷனின் கடைசி வரியில், மிகச் சிறிய எழுத்தில், ‘வரி தனி’ என்று இருக்கும். விண்ணப்பத்தில் வரியில்லா விலையைப் போட்டவர், நல்கை கிடைத்தபின் அந்தப் பற்றாக்குறையை எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பது என்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வரி, ஏற்றுக்கூலி, நிறுவும் செலவு எல்லாம் சேர்ந்த தொகையை எழுதித் தரச் சொல்லி, விலைப்புள்ளியை அதன்படி வாங்குங்கள்.

நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்றிதழ்தான் அடுத்த படி. தளம் மாதிரியைத் தருகிறது. அதைக் கல்லூரி முகப்புத்தாளில் அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் பெற்று ஏற்றினால் முடிந்தது. கேட்பதற்கு அரை மணி நேர வேலை. நான் அறிந்த ஒரு கல்லூரி அலுவலகத்தில், அடிப்படை வசதிகளை நிறுவனமே தரும் என்ற வரியைப் படித்த கண்காணிப்பாளர், “சார், இதுல காலேஜுக்குச் செலவு ஏதும் வந்துடாதே? செயலர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்” என்றார். செயலர் ஊரில் இல்லை. அந்தக் கடிதம் திரும்பி வந்தபோது கடைசி நாளுக்குச் சில மணி நேரமே மிச்சமிருந்தது. கண்காணிப்பாளரின் ஐயத்தில் தவறில்லை. மேல்செலவு என்ற தலைப்பில் நிறுவனத்திற்கும் ஒரு தொகை வருகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன்பே இந்தக் கடிதத்திற்கான குறிப்பை அலுவலகத்தில் கொடுத்துவிடுவது உத்தமம்.

இந்தச் சுமையைக் காட்டிப் பிழைக்கும் தனியார் சேவைகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். “நல்கை விண்ணப்பம் எழுதித் தருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் வரும் நிறுவனம் ஒன்றிடம் சக ஆசிரியர் ஒருவர் முன்பணம் கட்டினார். கைக்கு வந்தது, எந்தத் துறைக்கும் பொருந்தக்கூடிய, எதற்கும் உதவாத சில பக்கங்கள்: உலகளாவிய சவால்கள், நிலைத்த வளர்ச்சி, தற்சார்பு இந்தியா என்று பெரிய சொற்கள், எந்த வினையூக்கி, எந்த வெப்பநிலை, எப்படி அளப்பது என்று ஒரு வரியும் இல்லை. அந்தப் பணத்திற்கு, ஏற்கெனவே நல்கை பெற்ற ஒருவரைத் தேடிப் போய் அவருடைய பழைய முன்மொழிவைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, பேருந்துக் கட்டணம் போக மிச்சமும் பிடித்திருக்கலாம். நல்கை பெற்றவர்கள் பெரும்பாலும் தாராளமாகவே தருகிறார்கள்.

நல்கை கிடைத்தபின் வேலையின் முகம் மாறுகிறது. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்கீழ் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும், தலைப்புவாரியான செலவு அறிக்கையும் தர வேண்டும். அவை போய்ச் சேராமல் அடுத்த தவணை நகராது. நடுவண் அரசின் திட்டங்கள் பலவற்றில் இப்போது பூஜ்ய இருப்புக் கணக்கு முறை வந்துவிட்டது. பணம் நம் கணக்கில் வந்து கிடக்காது. செலவுக்கேற்ப எடுத்துக்கொள்ளும் வரம்பு மட்டும் தரப்படும், பயன்படுத்தாதது நிதியாண்டு முடிவில் திரும்பிவிடும். வட்டிக்காகப் பணம் முடங்கிக் கிடந்த பழைய நிலைக்கு இது சரியான மருந்துதான். ஆனால் டிசம்பரில் ஒதுக்கீடு பெறும் கல்லூரி ஆசிரியர், விலைப்புள்ளி கேட்டு, கொள்முதல் குழுவைக் கூட்டி, கருவியை இறக்கி, மார்ச் 31க்குள் பட்டியலுக்குப் பணம் செலுத்தியாக வேண்டும் என்றால், அந்த மூன்று மாதங்களில் ஆய்வு நடக்காது, கொள்முதல்தான் நடக்கும். கருவியின் தொழில்நுட்ப விவரக்குறிப்பை, ஒதுக்கீட்டு ஆணை வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்பவர்களால் மட்டுமே இதைச் சமாளிக்க முடிகிறது.

கணிதத் துறையினருக்கும் கோட்பாட்டு ஆய்வு செய்பவர்களுக்கும் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு ‘மேட்ரிக்ஸ்’ என்றொரு திட்டம் இருந்து வருகிறது: ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய், மூன்று ஆண்டுகள், கருவி வாங்கும் சிக்கல் இல்லை. பயணம், நூல், கணினி என்று சிறு தேவைகளுக்குப் போதுமான தொகை. முதன்முறையாக இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கும் கணித ஆசிரியர், ஏ.ஆர்.ஜி. பக்கத்தைத் திறப்பதற்கு முன் அந்த அழைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.