மர்ஃபி நீலப் புத்தகம்: ‘வில்’ பழக இது போதுமா?

ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’, கேம்பிரிட்ஜ் வெளியீடு. முதல் பதிப்பு 1985. என்னிடம் இருப்பது 145 பாடங்கள் கொண்ட ஐந்தாம் பதிப்பு. ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப் படிக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் ரொம்பச் சொதப்புவது ‘வில்’ (will) வரும் எதிர்காலத்தில்தான் (வாழ்க்கையில் இல்லை, இலக்கணத்தில்). அதனால் 19 முதல் 25 வரையுள்ள பாடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. நைட் ட்யூட்டி முடித்து வருகிறவளும் ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கலாம். ‘ஐ, வீ வந்தால் ஷால், மற்றதுக்கெல்லாம் வில்’ என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, அதை மர்ஃபி கட்டிக்கொண்டு அழுவதில்லை. எப்போது முடிவெடுத்தாய் என்றுதான் பார்க்கிறார். நோயாளி வலிக்கிறது என்றதும் அந்த நிமிஷம் தோன்றிச் சொல்வது ‘ஐ வில் கால் த டாக்டர்’. ஊசியை ட்ரேயில் எடுத்து வைத்துக்கொண்டு வந்து சொல்வது ‘ஐ ஆம் கோயிங் டு கிவ் யூ அன் இன்ஜெக்‌ஷன்’. ஓஇடி ஸ்பீக்கிங்கில் ஐந்து நிமிட ரோல்-ப்ளேயில் இரண்டுக்குமே வேலை இருக்கும். 25-ஆம் பாடத்தைத் தவறவிடாதீர்கள். ‘வென் த டாக்டர் வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என்கிற நம்மூர்ப் பழக்கத்துக்கு மருந்து அங்கேதான்: ‘வென் த டாக்டர் கம்ஸ்’.

குறையும் உண்டு. 21-ஆம் பாடத்தின் தலைப்பிலேயே ‘வில்’ இருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்பப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு மறுநாள் பேசும்போது முழிப்பார்கள். நிஜமான சோதனை 23-இல், வில்லும் கோயிங் டுவும் கலந்து வரும்போதுதான். பின்பக்கம் கூடுதல் பயிற்சிகள் இருக்கின்றன, எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியும் தானாக அதைத் திறந்ததில்லை. நான் நிரப்பச் சொல்வதை விட்டுவிட்டு, விடையை மூடி வைத்து வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். உச்சரிப்புக்குக் காகிதம் உதவாது. ‘வோன்ட்’டை (won't) ‘வான்ட்’ (want) என்று சொன்னால் மாட்டேன் என்பது வேண்டும் என்றாகிவிடும். வார்டில் அது விளையாட்டல்ல.

தனியாகப் படிப்பவர்கள் விடைகளோடு வரும் பதிப்பையே வாங்குங்கள், விடையில்லாததும் விற்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் எடுத்தால் 23-ஆம் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் பேனாவில் நிரப்பியிருந்தால் வேறு பிரதி கேளுங்கள்.