தழும்பு விழுந்த தொண்டைக்குக் குரல் பயிற்சி: போகலாமா?

பழைய குரல் திரும்ப வேண்டும் என்று போகிறவர்கள் பஸ் காசை மிச்சம் பிடிக்கலாம். இருக்கிற குரலை வைத்து நாள் முழுக்கப் பேச வேண்டுமென்றால் கட்டாயம் போங்கள்.

நான் முல்லைத்தீவுப் பக்கம் கூத்துப் பழக்குகிற அண்ணாவி. வயல் காவலுக்குப் போன இடத்தில் பாம்பு கடித்து, மூச்சு விட முடியாமல் போக, தொண்டைக்குள் குழாய் விட்டு மெசினில் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். உயிர் வந்தது, குரல் வரவில்லை. கோவலன் கூத்துப் பாட்டில் மேல் சுதிக்கு ஏறினால் வெறும் காற்றுத்தான். முதலில் காட்டிய இடத்தில் சளி என்று சொல்லி அன்ரிபயோட்டிக்கைத் தந்துகொண்டே இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில்தான் கமராவை விட்டுப் பார்த்தார்கள். ஆண்குரலில் குரல் நாண்கள் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 100 தடவை அதிருமாம். விட்டு விட்டு மின்னும் லைட்டில் அது மெதுவாக நடப்பதுபோலத் தெரிகிறது. ஒரு நாண் அலையாக நெளிகிறது. மற்றது காய்ந்த பனையோலை மாதிரி விறைத்து நிற்கிறது. மேல்தோலுக்குக் கீழே இருக்கவேண்டிய மெத்தென்ற படை தழும்பாகி இறுகிவிட்டதாம். "வெட்டி எடுங்கோ" என்றேன். வெட்டிய இடத்திலும் தழும்புதான் வரும் என்றார் டொக்டர். நாண்கள் சரியாக மூடாவிட்டால் வயிற்றுக் கொழுப்பை எடுத்து உள்ளே ஏற்றுகிற ஊசி உண்டு, ஸ்ரீரொயிட் ஊசியும் உண்டு, ஆனால் பயிற்சி முதலில் என்றார். கத்தியை முதலில் எடுக்காத டொக்டர், அதற்கே ஒரு புள்ளி கூட.

பயிற்சி தந்தது அங்கே வேலை செய்கிற ஒரு இளம் பிள்ளை. போத்தலில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் ஸ்ட்ரோ, ஊதிக்கொண்டே "ஊ" என்று இழுக்க வேண்டும். குமிழி ஒரே சீராக வரவேண்டும். நின்று நின்று வந்தால் மூச்சு பிசகுகிறது என்று அர்த்தம். வாய்ப்பக்கம் அடைபடுகிற காற்று திரும்பித் தள்ளுவதால் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிருமாம். ஸ்ட்ரோ கிழிந்த நாளில் பப்பாசித் தண்டை வெட்டி ஊதினேன் என்று சொன்னேன். "ஐயா, அதின்ர பால் தொண்டையை அரிக்கும்!" என்று ஏசிவிட்டது பிள்ளை. சரி, நல்லதுக்குத்தான். செருமக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது என்பதுதான் பெரிய கஷ்டம். அண்ணாவி செருமாமல் எப்படிப் பாட்டைத் தொடங்குவது?

இப்போது ஒத்திகை முடியும்வரை பேசுகிறேன், வசனம் தெளிவாக விழுகிறது. மேல் சுதி இல்லை. அதை மருமகன் பாடுகிறான், நான் தாளத்தோடு கீழ்ச் சுதியில் நிற்கிறேன்.

குறைகளும் உண்டு. வீட்டில் செய்யத் தந்த தாள் முழுக்க இங்கிலீசு. பேத்தி வாசித்துச் சொல்லாவிட்டால் அடுப்புக்குத்தான் போயிருக்கும். காத்திருக்கிற இடத்தில் ரீவியை அலற விட்டிருக்கிறார்கள், குரல் கெட்டவர்கள் ஒருவரோடொருவர் அதற்கு மேலால் கத்திப் பேசுகிறார்கள். முல்லைத்தீவிலிருந்து வருகிறவருக்கு முன்னேரத்தில் நம்பர் கேட்டால் தரமாட்டார்கள், பின்னேரம் பஸ்சுக்கு ஓட வேண்டும். வட்டுவாகல் பாலம் தாண்டி வருகிறவர்கள் விடியவே வெளிக்கிடுங்கள். போனில் உங்கள் குரலைப் பதிந்து கொண்டு போங்கள். அங்கே போய் இருந்ததும் பதற்றத்தில் குரல் வேறு மாதிரி வரும்.