கம்பீரக் குரலும் கூம்பு ஸ்பீக்கரும்: இரண்டு இடத்தில் ரெக்கார்டிங் செய்த அனுபவம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆட்டோவில் போடுவதற்கு எங்கள் குழுவுக்கு ஒரு ஒலி அறிவிப்பு தேவைப்பட்டது. விஷயம் ஆவுளியா, அதாவது கடல் பசு. அது மீன் இல்லை, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், வலையில் மாட்டி வர முடியாமல் போனால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், அதனால் வலையை அறுத்தாவது விட்டுவிடுங்கள் என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்புவதற்குள் கையில் இருக்க வேண்டும்.

முதலில் போனது இணையத்தில் குரல் கொடுக்கும் ஒரு சேவைக்கு. பெயர் வேண்டாம். மாதிரிப் பதிவுகளில் ஒரு ஆண் குரல், நகைக்கடை விளம்பரத்துக்கென்றே பிறந்த மாதிரி, அடிவயிற்றிலிருந்து வரும் கம்பீரம். குழுவில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது, எனக்கும்தான். 2,500 ரூபாய். மூன்றே நாளில் அனுப்பிவிட்டார்கள், ஹெட்போனில் கேட்டபோது புல்லரித்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆட்டோவில் போட்டதும் மானம் போயிற்று. கூம்பு ஸ்பீக்கர் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆண் குரலின் கனமோ 100, 150 பக்கம்தான் இருக்கிறது. அந்தக் கனம் போனபின் மிஞ்சியது ஒரு முனகல், அதையும் கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போனது. போதாததற்கு ஆவுளியா 'ஆவுலியா' ஆகிவிட்டது, வலை 'வளை' ஆகிவிட்டது. கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, எந்த நண்டு வளைய அறுக்கச் சொல்றான்?" என்றார். வன உயிரினச் சட்டம் வந்த 1972-ஐக் குரல் கொடுத்தவர் 'நைன்டீன் செவன்ட்டி டூ' என்று படித்தது மட்டும் என் தப்பு, பிரதியில் எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டேன். திருத்தித் தரச் சொன்னால் மறுபடியும் பாதிக் காசு கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ராமநாதபுரத்தில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன ஸ்டுடியோவுக்குப் போனது. அதை நடத்தும் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "எதுல போடப் போறீங்க?" ஆட்டோவில் என்றதும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கூம்பை இழுத்து வெளியே வைத்தார். மாதிரிப் பதிவெல்லாம் வேண்டாம், நம் பிரதியிலேயே நாக்கு புரளாத நாலு வரியைக் கொடுங்கள், மூன்று பேரைப் படித்து அனுப்பச் சொல்கிறேன் என்றார். மூன்றையும் அந்தக் கூம்பில் போட்டு, தெருமுனை வரை நடந்து போய்க் கேட்டோம். மிமிக்ரி செய்யும் ஒரு பையன் நன்றாகவே படித்தான், ஆனால் மேடையில் நிற்கிற தோரணை போகவில்லை. இன்னொருவர் வாக்கியக் கடைசியை விழுங்கினார். மூன்றாவது, தங்கச்சிமடத்தில் சர்ச்சில் வாசகம் படிக்கும் ஒரு அக்கா. ஹெட்போனில் கேட்டால் சாதாரணக் குரல், கொஞ்சம் கீச்சென்றுகூட இருக்கும். தெருமுனையில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக வந்து விழுந்தது. மீனவர்களுக்கான கடல் ஓசை 90.4 எஃப்.எம். வானொலியில் கரைப் பேச்சையே கேட்டுப் பழகிய ஊர் இது, நகைக்கடைத் தமிழ் இங்கே எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

ரெக்கார்டிங் அன்று ஃபேன், ஏசி இரண்டும் நிறுத்தம். சுவரில் சாய்த்த மெத்தைகளுக்கு நடுவே வியர்த்து வழிய உட்கார்ந்தோம். அக்கா முதலில் கண்ணாடி வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். 'பசு', 'படகு', 'பாம்பன்' வரும்போதெல்லாம் 'ப' மைக்கில் வெடித்தது. அண்ணன் ஒரு பென்சிலை மைக்குக்கு முன்னால் செங்குத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார், பாதி வெடிப்பு அடங்கிவிட்டது. "வலையை அறுத்து விடுங்கள்" என்ற வரியை மட்டும் ஆறு தடவை எடுத்தோம். கட்டளையாகவும் கேட்கக் கூடாது, கெஞ்சலாகவும் கேட்கக் கூடாது. ஆறாவது தடவை அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் சொல்வது போலச் சொன்னார். அதைத்தான் வைத்துக்கொண்டோம்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு நாலு நாள் தாமதம், தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. கேட்காமலே பின்னணியில் வீணை சேர்த்திருந்தார், எடுக்கச் சொன்னதில் முகம் கொஞ்சம் சுண்டிவிட்டது. இசை கலக்காத பதிவை வேவ் ஃபைலாகக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் எம்பி3 மட்டும்தான் வாட்ஸ்அப்பில் வரும். அக்காவுக்கும் சேர்த்து மொத்தம் 3,200 ரூபாய், திருத்தத்துக்குத் தனிக் காசு இல்லை. அதே பதிவை அடுத்த வருடமும் போடலாமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசாமல் விட்டு, பிறகு போனில் கேட்டோம், அக்கா சரி என்றுவிட்டார். முகூர்த்த நாட்களில் அந்த அண்ணன் மைக்செட்டோடு கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவார், போன் செய்துவிட்டுப் படி ஏறுங்கள்.