பத்துக் கிலோ மூட்டையும் எங்கள் செவலையும்

விருதுநகரில் மரச்செக்கு வைத்திருக்கிறேன். கடலை, எள், கொப்பரை மூன்றும் ஆட்டுகிறோம். கோடையில் யாராவது வந்து 15 கிலோ டின் நல்லெண்ணெய் கேட்டால், வீட்டில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பேன். மூன்று பேர் என்றால், 2 லிட்டர் கொண்டுபோங்க, தீர்ந்ததும் வாங்க என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஆள் ஒற்றை நாய்க்குப் போய் 10 கிலோ டாக் ஃபுட் மூட்டை வாங்கினேன். அந்த மூட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த ஊர் வெயிலில் எந்தக் கம்பெனி மூட்டைக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன்.

நாயின் பெயர் செவலை. சிப்பிப்பாறைப் பெட்டை, 4 வயது, 18 கிலோ. இந்த இனத்துக்கு விலா லேசாகத் தெரியத்தான் செய்யும். தெருவில் போகிறவர்கள் "சோறு கீறு போடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். காலையில் டாக் ஃபுட் 120 கிராம், ராத்திரி சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும். இரண்டு வருடமாக இதுதான் பழக்கம். இந்த மூட்டைக்கு முன்னால் 3 கிலோ பாக்கெட்தான் வாங்கிக்கொண்டிருந்தேன், 810 ரூபாய். பங்குனிக் கடைசியில் கடைக்காரர், "10 கிலோ 2,400 தாண்ணே, கிலோவுக்கு 30 ரூபாய் மிச்சம்" என்றார். மொத்தம் 300 ரூபாய் மிச்சமாகிறது என்று மனக்கணக்குப் போட்டேன். நாளுக்கு 120 கிராம் என்றால் 10 கிலோ 83 நாள் வரும் என்கிற கணக்கை மட்டும் போடவில்லை. பங்குனியில் பிரித்த மூட்டை சித்திரை, வைகாசியைத் தாண்டி ஆனி வரைக்கும் இருக்க வேண்டும், அதுவும் செக்குக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில்.

தீனியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் ஐந்து வாரம், தீனியைக் கொட்டி வைத்த பிளாஸ்டிக் டிரம்மின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே வாசலில் படுத்திருப்பவள் பாய்ந்து வருவாள். தட்டு காலியாக இரண்டு நிமிடம் ஆகாது. மலமும் நன்றாகக் கட்டியாக இருக்கும், முடியும் மினுமினுப்பு.

வைகாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். தட்டை வைத்தேன். வந்தாள், மூக்கை நீட்டினாள். ஒரே ஒரு உருண்டையை முன்பல்லால் எடுத்தாள், இரண்டடி தள்ளிக் கொண்டுபோய்த் தரையில் வைத்தாள், முகர்ந்தாள். அதைத் தொடவில்லை. பிறகு திரும்பி வந்து, மண்ணே இல்லாத சிமெண்ட் தரையில் மூக்கால் மண்ணை அள்ளி மூடுகிற மாதிரி தட்டைச் சுற்றித் தள்ள ஆரம்பித்தாள். தகரத் தட்டு கரகரவென்று சுவர் வரைக்கும் போய் முட்டி நின்றது. அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். வெயிலுக்கு நமக்கே சோறு இறங்கவில்லை, நாய்க்கு மட்டும் இறங்குமா என்றாள் மனைவி. அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து வந்து சுற்றிப் போட்டுவிட்டார். பையன், "ஒரே சாப்பாடு போரடிச்சிருச்சுப்பா" என்றான். பக்கத்து வீட்டுப் பிள்ளை சாத்தூர் காராசேவு போட்டுப் பழக்கிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். விசாரித்ததில் அதுவும் கொஞ்சம் உண்மைதான். பூண்டு நாய்க்கு ஆகாது, காரமும் வேண்டாம், போடாதே என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லி வைத்தேன். காராசேவு நின்ற பிறகும் காலைத் தட்டு அப்படியே கிடந்தது.

தயிர் ஊற்றினேன். தயிரை மட்டும் நக்கினாள். நெய் விட்டேன், நெய் பட்ட மேல் உருண்டைகளை நக்கித் துப்பினாள். அவித்த முட்டையை உதிர்த்துப் பிசைந்து வைத்த அன்று, முட்டைத் துணுக்கை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தீனியைத் தட்டோரமாக ஒதுக்கியிருந்தாள். எங்கள் வீட்டில் சாம்பார் முருங்கைக்காய்ச் சக்கையைக்கூட யாரும் அவ்வளவு நேர்த்தியாக ஒதுக்குவதில்லை.

நான்காம் நாள் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், இளஞ்சிவப்பாக இருந்தது. பல்லைத் தட்டிப் பார்த்தார். உடம்புச் சூடு 101.6 டிகிரி, நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம்தான். காது மடிப்பிலும் கால் விரலிடுக்கிலும் உண்ணி தேடினார். நம் பக்கத்தில் நாய் சாப்பாட்டை விட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். ஈறு வெளுத்திருந்தாலோ, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ, வாந்தி, சோர்வு இருந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். குட்டி என்றால் இன்னும் சீக்கிரம்.

"ராத்திரிச் சோறு எப்படி?"

"தட்டையே நக்கி வெளுத்துடுது சார்."

"அப்போ பசி இருக்கு, நாயும் நல்லா இருக்கு. நீங்க தீனியைப் பாருங்க."

200 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஊசி கிடையாது, மருந்து கிடையாது.

வீட்டுக்கு வந்து டிரம்மைத் திறந்து ஒரு பிடி அள்ளினேன். பார்க்க வித்தியாசமே இல்லை. பூஞ்சை இல்லை, வண்டு இல்லை, நிறமும் மாறவில்லை. மோந்து பார்த்தேன், வழக்கமான டாக் ஃபுட் வாடைதான். சரி என்று கொட்டப் போனவன், என்ன தோன்றியதோ, நாலு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, புண்ணாக்கு பார்க்கிற மாதிரி நசுக்கிச் சூடு வரத் தேய்த்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. சிக்கு வாடை. பழைய தேங்காயெண்ணெய்ப் புட்டியின் கழுத்தில் பிசுக்காக ஒட்டியிருக்குமே, அதே காறல். இருபது வருடம் எண்ணெய் வியாபாரம் பார்க்கிறவன், கையில் தேய்த்தால்தான் கண்டுபிடிக்கிறேன். அவள் ஓரடி தள்ளி நின்றே சொல்லிவிட்டாள். நாய்க்கு நாக்கில் சுவை மொட்டுகள் 1,700 வாக்கில்தான், நமக்கு 9,000. மூக்கில்தான் நாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வாசனை உணரும் செல்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். அது மூக்கால்தான் சாப்பிடுகிறது.

இந்த உருண்டைகளை மாவு பிசைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளி, காயவைத்த பிறகு கடைசியில்தான் கொழுப்பை மேலே தெளிக்கிறார்கள். நாயை இழுப்பதே அந்த மேல்பூச்சுதான். எல்லா உருண்டைக்கும் மேலே மெல்லிசாக எண்ணெய் என்றால், எண்ணெயைக் காறவைக்கிற காற்றுப் படுகிற பரப்பு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மூட்டையில் போட்டிருக்கும் தேதி பிரிக்காத மூட்டைக்குத்தான். பிரித்துவிட்டால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும், தகரக் கொட்டகைச் சூட்டில் அதற்கும் குறைவு. என் மூட்டையில் தேதிக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்தது.

இதில் என் தப்பு இரண்டு. ஒன்று, இடம். இன்னொன்று, மூட்டையை அப்படியே டிரம்மில் கொட்டியது. பிளாஸ்டிக் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். முந்தின பாக்கெட்டின் பழைய பிசுக்கு சுவரில் இருக்க, புதுசை அதன் மேலேயே கொட்டியிருக்கிறேன். எண்ணெய் டின்னைக் கழுவிக் காயவைக்காமல் நான் மறுபடி நிரப்பியதே இல்லை. டிரம்முக்கு அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் தப்பும் உண்டு. 10 கிலோ மூட்டைக்கு ஜிப் கிடையாது. நூல் தையலைப் பிரித்தால் வாய் பிளந்துகொண்டு நிற்கிறது. 3 கிலோ பாக்கெட்டில் நல்ல ஜிப் வைக்கிறவர்களுக்கு, அதிக நாள் திறந்து கிடக்கப்போகிற மூட்டைக்கு வைக்கத் தோன்றவில்லை. பிரித்த பிறகு எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுத் தேடினேன், இல்லை. போன் பண்ணினால் தேதியைக் கேட்டார்கள், சொன்னேன், "தேதி இருக்கு சார்" என்றார்கள். அதோடு சரி.

சந்தேகம் தீரட்டும் என்று அதே கம்பெனி, அதே ரகத்தில் 1 கிலோ பாக்கெட் வாங்கி வந்தேன். இரண்டு தட்டு, ஒன்றில் பழசு, ஒன்றில் புதுசு. செவலை பழசைத் தாண்டிப் போய்ப் புதுசில் வாய் வைத்தாள். மறுநாள் பையன் தட்டுகளை இடம் மாற்றி வைத்தான். அப்பவும் புதுசுதான். போரடித்தது அவளுக்கு இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

மிச்சம் கிடந்தது ஐந்தரைக் கிலோ, 1,320 ரூபாய். 300 மிச்சம் பிடிக்கப் போனவனுக்கு டாக்டர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருநாய்களுக்குப் போடலாமே என்றார் அம்மா. கெட்டுப்போனதை அதுகளுக்குப் போடவும் மனசில்லை. தென்னை மரத்துக்குழியில் போட்டு மண்ணை மூடிவிட்டேன்.

இப்போது மறுபடி 3 கிலோ பாக்கெட். 25 நாளில் தீர்ந்துவிடுகிறது. பாக்கெட்டிலிருந்து வெளியே கொட்டுவதில்லை. காற்றை அமுக்கி வெளியேற்றி, ஜிப்பைப் பூட்டி, பாக்கெட்டோடு எவர்சில்வர் தூக்குப்போணியில் வைத்து, வீட்டுக்குள் சாமி ரூம் பக்கத்தில். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். சாமிக்குப் பக்கத்தில் நாய்த்தீனியா என்று முதல் இரண்டு நாள் ஒரு சத்தம் இருந்தது. வெயில் உச்சத்தில் இருக்கும் நாளில் வெதுவெதுப்பான தண்ணீர் கால் டம்ளர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் வாசனை கிளம்பும், அவளும் சுறுசுறுப்பாகச் சாப்பிடுகிறாள். ஆனால் ஊறியதை மிச்சம் வைத்தால் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொட்டிவிடுகிறேன்.

10 கிலோ யாருக்கு ஆகும்? லாப்ரடார் மாதிரி 30 கிலோ நாய், இரண்டு வேளையும் இதே தீனி என்றால் மாதத்துக்குள் தீர்ந்துவிடும், தாராளமாக வாங்கலாம். இரண்டு மூன்று நாய் வைத்திருப்பவர்களும் வாங்கலாம். ஒற்றை நாட்டு நாய், பாதி வேளை வீட்டுச் சோறு என்கிறவர்கள் அந்த 30 ரூபாயை விட்டுவிடுங்கள்.

மூட்டைக்கு ஐந்தில் 2 நட்சத்திரம். உள்ளே இருந்த தீனிக்கு 4, முதல் ஐந்து வாரத்துக்கு மட்டும்.