பிக்கப் முன்பக்கச் சத்தம்: புஷ் மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மா, யூரித்தேனா?

முன் சக்கரப் பக்கம் 'டொக்' என்று சத்தம் வருகிறது என்று பட்டறையில் வண்டியை விட்டால், பேச்சு மூன்று வழியில் போகும். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கைக்கு லோயர் ஆர்ம் என்று பெயர்; அது சேஸிஸில் மாட்டியிருக்கும் இடத்தில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம். லோயர் ஆர்மையே முழுசாக மாற்றலாம். ரப்பரை விட்டுவிட்டு, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த புஷ்ஷுக்குப் போகலாம். இங்கே பேசுவது இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி முன்னால் டபுள் விஷ்போனும் (மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்) காயில் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளைப் பற்றி. டாடா ஏஸ் போல முன்னாலும் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி என்றால் ஷேக்கிள் புஷ், கிங் பின் என்று கணக்கே வேறு.

முதலில், சத்தம் ஆர்மிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் 'டக டக' என்று கேட்டால் பெரும்பாலும், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடுதான். இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று போங்கள். சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது, செலவும் குறைவு. வளைவில் வண்டி அதிகம் சாயும் என்பதால் அப்படியே ஹைவேயில் ஏற வேண்டாம். பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் அடங்கினால் பிரேக் பேடையும், அதைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்னையும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் கனமாக ஒரே ஒரு 'டொக்' வந்தால்தான் ஆர்ம் புஷ் மேல் சந்தேகப்பட வேண்டும். லீவரை நுழைத்து நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் பால் ஜாயிண்டைச் சோதிக்கும்போது ஜாக்கியைச் சேஸிஸுக்குக் கொடுக்காதீர்கள். இந்த வண்டிகளில் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்காருகிறது. ஜாக்கி ஆர்முக்கு அடியில் இருந்தால்தான் ஜாயிண்ட் மேலுள்ள பாரம் விலகி ஆட்டம் தெரியும். ஆட்டம் இருந்தால் 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்' என்ற பேச்சே கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

இனி ஒப்பீடு. புஷ் மட்டும் மாற்றுவதில் பொருளின் விலை சொற்பம், வேலைதான் அதிகம். நல்ல ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் ஆர்மின் கண் (புஷ் உட்காரும் துளை) கோணிப்போய், புதுப் புஷ் சரியாகப் பிடிக்காது. சில புஷ்களின் ரப்பரில் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விட்டிருப்பார்கள். பழையதைத் தள்ளும் முன் அது எந்தத் திசையில் இருந்தது என்று ஆர்ம் மேல் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

முழு ஆர்ம் வேலை சீக்கிரம் முடியும், பணம் கூடுதலாகும். பள்ளத்தில் பலமாக அடிபட்டு, சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் கணக்கு வரவில்லை என்றால் ஆர்ம் வளைந்திருக்கலாம். அப்போது புஷ் மட்டும் மாற்றுவது வீண் செலவு. பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும் வண்டிகளிலும், ஜாயிண்டும் புஷ்ஷும் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் முழு ஆர்முக்கே என் ஓட்டு. ஆனால் மலிவான டூப்ளிகேட் ஆர்ம் வேண்டவே வேண்டாம். அதைவிட, பழைய ஒரிஜினல் ஆர்மில் ஒரிஜினல் புஷ் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

யூரித்தேனுக்கு ஆதரவாளர்கள் அதிகம். ஸ்டியரிங் கெட்டியாகும், எண்ணெய் பட்டாலும் ரப்பர் போலச் சீக்கிரம் ஊறிப்போகாது. எல்லாம் உண்மைதான். ஆனால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே வேலை செய்கிறது, யூரித்தேனோ உள்ளே இருக்கும் குழாய் மேல் உராய்ந்து சுழல்கிறது. சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸ் போய்விட்டால் 'கீச் கீச்' ஆரம்பித்துவிடும். சத்தத்தைப் போக்கப் போய் வேறொரு சத்தத்தை வாங்கி வந்த கதை! கூடவே வரும் சிலிக்கோன் கிரீஸைத்தான் பூச வேண்டும். ரேஸ், ஆஃப்ரோடு என்று ஆசை உள்ளவர்களுக்குச் சரி. வாரம் முழுக்கச் சரக்கோ குடும்பமோ ஏற்றுகிற வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன்.

ரப்பர் புஷ்ஷை ஒரே மாதத்தில் கெடுக்க ஒரு வழி உண்டு: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கிவிடுவது. சக்கரம் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை லேசாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் சொந்த எடையில் நின்ற பிறகுதான் முழுசாக முறுக்க வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். கீச் சத்தத்துக்கு டீசலோ பழைய ஆயிலோ அடிக்கும் வைத்தியமும் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

எந்த வழியில் போனாலும் ஆர்மைக் கழற்றும் முன் கேம் போல்ட் (அதே அலைன்மென்ட் போல்ட்) நின்ற இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அலைன்மென்ட் பார்க்கும் செலவையும் முதலிலேயே மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.